குமிழ் விழாத ஷீட்

டேஷ்போர்டின் நடுச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆசிர் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். ரேடியோவையும் காற்று வருகிற இரண்டு துளைகளையும் சுற்றிப் பொருந்துகிற கறுப்புப் பிளாஸ்டிக் சட்டம். காரிலிருந்து அதைக் கழற்றிப் பதினாறு நாட்களாகிவிட்டன. கழற்றும்போது "ஒரு நாள் வேலை" என்றுதான் மனைவியிடம் சொல்லியிருந்தான். சட்டம் இருந்த இடத்தில் இப்போது ஒயர்கள் நாக்கு நீட்டிக்கொண்டு தொங்கின. கதவுகளின் கைப்பிடிப் பட்டைகள் நான்கும் பழைய செய்தித்தாளின் மேல் வரிசையாகக் கிடந்தன. கொட்டகைக்கு வெளியே ஆடி மாதத்துத் தூறல் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

கார் தேவகுமாரியுடையது. ஏற்காட்டில் ஒரு சின்ன கிளினிக்கில் பதினான்கு வருஷம் நர்ஸாக இருந்தாள். அதை நடத்திய டாக்டரம்மா வயதாகி, மகன் வீட்டோடு இருக்கக் கிளம்பியபோது, தன் பழைய ஆல்டோவின் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போனார். டாக்டரம்மாவின் நாய்க்கு எப்போதும் முன்சீட்டுதான். இரண்டு முன்னங்கால்களையும் டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டு ஊரைப் பார்த்தபடி வரும். அதனால் பிளாஸ்டிக் முழுக்க நகக் கீறல். தேவகுமாரிக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. ஸ்டிக்கர் ஒட்டி அழகு பண்ணலாம் என்று கிளப்பியது ஆசிர்தான். கோயம்புத்தூரில் படிக்கிற மகள் ஷெர்லின் தேக்கு மர வரி போட்ட வினைல் ஷீட் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தாள். "ப்பா, யூடியூப்ல பாத்து செய்யுங்க, ஊட்லயே செஞ்சுரலாம்" என்று குரல் செய்தியும் அனுப்பியிருந்தாள்.

ஆசிருக்கு யூடியூப் தேவையே இல்லை. மிஷன் பள்ளி ஒன்றின் நூலகத்தில் பத்தொன்பது வருஷமாகப் புத்தகங்களுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொண்டிருப்பவன் அவன். ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, துணி சுற்றிய அட்டையால் காற்றைத் தள்ளிக்கொண்டே போவான். முடித்த பிறகு ஒரு குமிழைக்கூட யாராலும் கண்டுபிடிக்க முடியாது. புதுப் பைபிள் வாங்கினால் சர்ச்சுக்காரர்கள் முதலில் அவனிடம்தான் கொண்டுவருவார்கள். அப்படிப்பட்டவன் கையில் இந்த ஷீட் இரண்டு முறை வீணாகிவிட்டது.

முதல் முறை நிஜமாகவே வீணானது. ஈரக் குளிரில் பசை பிடிக்காமல் துளையின் வளைவுகளில் சுருக்கம் விழுந்தது. இரண்டாவது முறை ஷெர்லின் விட்டுப்போன ஹேர் டிரையரால் ஷீட்டைச் சூடாக்கி, ரப்பர் போலக் குழைய வைத்து, வளைவுகளுக்குள் விரலால் அழுத்தி ஒட்டினான். அருமையாக உட்கார்ந்துவிட்டது. மர வரி எங்கும் உடையவில்லை. அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். இனி நான்கு ஸ்குரூ, ஆறு கிளிப், அவ்வளவுதான். நாளைக்கே தேவகுமாரி வண்டியை எடுத்துக்கொண்டு குப்பனூர் ரோட்டில் இறங்கிவிடுவாள் என்று நினைத்தான். அந்த நினைப்பு முடிவதற்குள் கட்டை விரல் நகம் ஷீட்டின் ஓரத்துக்குப் போயிருந்தது. உரித்து எடுத்து, அடுப்பெரிக்க வைத்திருந்த காபித் தொட்டு, அதாவது காபிக்கொட்டைத் தோல் மூட்டைகளுக்குப் பின்னால் செருகினான். சாயங்காலம் அவள் கேட்டபோது, "ஒட்டல குமாரி, தானா எந்திரிச்சுக்குச்சு" என்றான்.

கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் அவளிடம் அவன் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இது கொஞ்சம் பெரிய பொய்தான்.

குப்பனூர்ப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதரைக்குத்தான் போய்ச் சேர முடியும். அதற்காகத்தான் அவள் நாற்பத்தோரு வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று லைசென்ஸ் வாங்கினாள். எட்டு போட்டுக் காட்டிய அன்று சேலத்திலிருந்து அல்வா வாங்கிக்கொண்டு வந்தாள்.

இன்று சனிக்கிழமை. அவள் இரண்டு டம்ளர் காபியோடு கொட்டகைக்குள் வந்தாள். கதவுப் பட்டைகளைத் தாண்டிக் கவனமாகக் கால் வைத்து, காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங்க, அந்தச் சட்டம் இல்லாமயே ஓட்டுனா என்னாகும்?"

"நாலு பக்கமும் மின்னற லைட்டுக்குச் சுவிட்சு இதுலதான இருக்குது? பனிக்குள்ள அது இல்லாம எப்படிப் போவ?"

அவன் சொன்னது உண்மைதான். அந்தச் சாக்கைத் தேடிப் பிடித்து வைத்திருந்தான் என்பதும் உண்மை.

அவள் காபியை ஊதினாள். "நேத்து கண்ணம்மாக்காகிட்டப் பேசுனேன். குப்பனூருல அவுங்க ஊட்டு மேல ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்குதாம். குளிக்கறதுக்குத் தனியா எடம் இருக்குது. சனிக்கெழம சாயந்தரம் மேல வந்துட்டு ஞாயித்துக்கெழம சாயந்தரம் போயிர்லாம்னு சொன்னாங்க."

"எதுக்கு ரூம்பு?"

"பின்ன? வண்டி ஆகலீன்னா நான் என்ன பண்றதுங்க? நடந்தா போக முடியும்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்கும் ஏதாவது பதில் கிடைத்திருக்கும். நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொல்லிவிட்டு, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆசிருக்குக் கை ஓடவில்லை. அவள் தினமும் அந்த ரோட்டில் இறங்குவதைப் பற்றி மட்டுமே பதினாறு நாட்களாக யோசித்திருந்தான். அவள் இல்லாத வீட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஷெர்லின் ஹாஸ்டலுக்குப் போன முதல் வாரம் வீடு எப்படி இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. அப்போதாவது தேவகுமாரி இருந்தாள். வெங்காயம் நறுக்கும்போது ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை ராகம் மாற்றிப் பாடுவாள். யாராவது போனில் கூப்பிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று அழுதால், "மொதல்ல நீங்க தண்ணி குடிங்க சாமி, அப்பறம் சொல்லுங்க" என்பாள். அவனுடைய சட்டையை அயர்ன் செய்துகொண்டே அவனுடைய தலைமை ஆசிரியரைத் திட்டுவாள். வாரத்தில் ஆறு ராத்திரி இதெல்லாம் குப்பனூரில் ஒரு மாடி அறையில் நடக்கும். இங்கே அவன் ஒரு டம்ளர் காபி போட்டு, ஒரு டம்ளரைக் கழுவி வைப்பான்.

வெளியே அவள் வெந்நீர் அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. ஈர விறகு புகைந்ததில் இருமினாள். காபித் தொட்டு ஒரு கை போட்டால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று கொட்டகைக்குள் திரும்ப வந்தாள். அவள் மூட்டைப் பக்கம் போவதை ஆசிர் பார்த்தான். 

அவள் மூட்டையை இழுத்தாள். பின்னாலிருந்து ஷீட் நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். உரித்த பிறகும் அது சட்டத்தின் வடிவத்தை விடாமல் இருந்தது. இரண்டு துளைகளின் வளைவும், ரேடியோவின் சதுரமும் அச்சு எடுத்தது போல. ஒரு ஓரத்தில் மட்டும் நகம் கீறிய தடம் இருந்தது. நர்ஸ் வேலையில் பழகிய கண் அவளுக்கு. குழந்தை விழுந்ததா, யாராவது அடித்ததா என்று காயத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"இது தானா எந்திரிச்சுதா?" என்றாள்.

ஆசிர் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு குமிழ்கூட இல்லீங்களே இதுல. நான் வண்டி ஓட்டறது உங்களுக்குப் புடிக்கலீன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"புடிக்காம இல்ல குமாரி."

"அப்பறம்?"

அவள் மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். அவன் சொல்லாமல் அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்று தெரிந்தது. சட்டத்தின் துளைக்குள் விரலை விட்டுச் சுற்றிக்கொண்டே ஆசிர் சொல்ல ஆரம்பித்தான்.

அவர்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தேதி குறித்து, மூன்று மாதம் இருந்த சமயம். ஒரு எஸ்டேட்டில் அவன் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். காபி மூட்டை ஏற்றிக்கொண்டு குப்பனூர் ரோட்டில் தனியாக இறங்கினான். பனி அடைத்திருந்தது. ஒரு வளைவில் மண் சறுக்கி, பின் சக்கரம் ஒன்று ரோட்டை விட்டு வெளியே போய்விட்டது. என்ஜின் நின்றது. பிரேக்கை மிதித்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். மூச்சை இழுத்தால் ஜீப் ஒரு பக்கம் சாய்ந்தது, விட்டால் திரும்பியது. ஒன்றரை மணி நேரம். தலைச்சோலைப் பக்கத்து ஆட்கள் நான்கு பேர் அந்த வழியாக வந்து, வடக்கயிறு கொண்டுவந்து சில்வர் ஓக் மரத்தில் கட்டி இழுத்தார்கள். இறங்கியபோது அவனுடைய வலது கால் மடங்கவே இல்லை. அப்படியே நடந்து வீட்டுக்கு வந்தவன், பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"லைசென்ஸ் புதுப்பிக்கலீன்னு சொன்னீங்க."

"அப்படித்தான் எல்லாத்துகிட்டயும் சொன்னேன்." சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவினான். "அந்த ஒன்ற மணி நேரமும் உன்னயத்தான் நெனச்சுட்டு இருந்தேன். நான் உழுந்துட்டாலும் இன்னும் கல்யாணம் ஆகலியே, உனக்கு வேற எடத்துல பாத்துருவாங்கன்னு தோணுச்சு. அது ஒன்னுதான் ஆறுதலா இருந்துச்சு."

தேவகுமாரி ஷீட்டை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

"வேற எடம்னா அந்த அயோத்தியாப்பட்டணத்து மாப்பளதான். பல்லு நொம்பத் துருத்திட்டு இருக்கும். நல்லவேள, கயிறு வந்துச்சு."

அவன் சிரிக்கத்தான் வாயெடுத்தான். ஆனால் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பார்க்காதது போல அவள் தொடர்ந்தாள்.

"பஸ்ல நீங்க எப்பவும் மலைப்பக்கமாத்தான் உக்காருவீங்க. பாப்பா சின்னப்புள்ளையா இருக்கறப்ப ஜன்னல் சீட்டுக்கு அழுவா. அப்பக்கூட பள்ளத்துப் பக்கம் போக மாட்டீங்க. கழுத்து வலின்னு சொல்வீங்க. நானும் எத்தன தைலம் தேச்சு உட்டிருப்பேன்!" பிறகு குரலைத் தணித்து, "எனக்கு மட்டும் பயமில்லீன்னா நெனச்சீங்க? டிரைவிங் கிளாஸ்ல மொத வளைவுல கண்ண மூடிட்டேன்" என்றாள்.

"கண்ண மூடுனயா?"

"ஒரு நொடிதாங்க."

"ஸ்டியரிங்கப் புடிச்சுட்டா?"

"சொல்லிக்குடுக்கறவரு கத்துன கத்துல தெறந்துட்டேன்."

ஆசிர் அவளையே பார்த்தான். பதினாறு நாட்களாக அவன் பயந்ததை விட இது பெரிய பயமாக இருந்தது. ஆனாலும் அதில் தனியாக இல்லை என்பது எங்கோ கொஞ்சம் இதமாகவும் இருந்தது.

அவள் எழுந்து சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஷீட்டு இன்னும் எவ்ளோ இருக்குது?"

"ஒருக்கா ஒட்டறதுக்கு வரும். மறுபடி வீணாப்போனா இல்ல."

"போவாது. நான் சூடு காட்டறேன், நீங்க ஒட்டுங்க."

உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஊசி போடுவதற்கு முன் கழுவுவது போல முழங்கை வரை கழுவியிருந்தாள். கிளினிக்கிலிருந்து வந்த ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் கையில் இருந்தன. சட்டம் முழுக்க ஸ்பிரிட்டால் துடைத்தாள். நாயின் கீறல்கள் ஈரத்தில் ஒரு கணம் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தன. "பாவம், கடைசிக் காலத்துல கண்ணு தெரியாம போச்சு அதுக்கு. அப்பவும் முன்னாடிதான் உக்காரோணும்" என்றாள்.

ஆசிர் ஷீட்டின் பின்தாளை ஒரு சாண் மட்டும் உரித்து, நடுவில் ஒட்டினான். அவள் ஹேர் டிரையரைப் பிடித்தாள். கிட்டே கொண்டுபோனால் உருகும், தள்ளிப் பிடித்தால் குழையாது. இரண்டு தடவை சொன்னதுமே தூரம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. சூடு ஏறியதும் ஷீட் மெதுவாகத் தளர்ந்தது. இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, துணி சுற்றிய அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினான். அட்டைக்கு முன்னால் ஒரு குமிழ் ஓடியது. "அதோ, அதோ" என்று அவள் விரலை நீட்டினாள். ஓரத்துக்குப் போய் அது காணாமல் போனது. காற்றுத் துளையின் மூலையில் ஷீட் வெள்ளையாக வெளிறிக் கிழியப் பார்த்தது. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் டிரையரை இன்னும் ஒரு விரற்கடை கிட்டே கொண்டுவந்தாள். வெளிறல் மங்கி, மர வரி திரும்ப வந்து, ஷீட் வளைவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

"கைய எடுக்காதீங்க" என்றாள்.

"எடுக்கல."

இருபது நிமிஷம் அவன் அந்த மூலையை இரண்டு கட்டை விரல்களாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் தன் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கி அவன் விரல்களின் மேல் வைத்தாள். அந்தச் சூட்டில் வினைல் குழையாது என்று இருவருக்கும் தெரியும். கரண்ட் வந்த பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் டிரையரை எடுத்தாள்.

சாயங்காலத்துக்குள் சட்டமும் நான்கு பட்டைகளும் முடிந்தன. ஓரங்களை உள்பக்கம் மடித்து, கட்டரால் சீவி, இன்னொரு தடவை சூடு காட்டினார்கள். பொருத்தும்போது ஒரு கிளிப் உடைந்தது. மற்றபடி எல்லாம் சரியாக உட்கார்ந்தன. சுவிட்சை அமுக்கியதும் நான்கு விளக்குகளும் மின்னின. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார்கள். "யாரோ பணக்காரங்க கார் மாதிரி இருக்குது" என்று பதில் வந்தது.

மறுநாள் சர்ச் முடிந்து, சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். ஒத்திகை பார்க்கலாம் என்று அவள்தான் சொன்னாள். குப்பனூர் வரை போய்விட்டுத் திரும்பி வருவது. ஆசிர் பின்சீட்டுக் கதவைத் திறந்தான்.

"அங்கிருந்தா என் மூஞ்சி தெரியாதுங்க. நான் கண்ண மூடுனா எப்படிப் பாப்பீங்க?" என்றாள்.

அவன் முன்சீட்டுக்கு வந்தான்.

அவள் நன்றாகவே ஓட்டினாள். இரண்டாவது கியரிலேயே இறக்கி, ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் ஹாரன் அடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். உடைந்த கிளிப் பக்கத்தில் சட்டம் கிடுகிடுவென்று ஆடியது. பள்ளம் ஆசிரின் பக்கம் இருந்தது. அவன் அவளுடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தான். அவள் இமைத்தபோதெல்லாம், "குமாரி" என்றான். "இமைக்கக்கூடக் கூடாதாங்க?" என்றாள்.

பாதி தூரத்தில் பனி ஏறியது. அவள் சுவிட்சை அமுக்கினாள். அடுத்த வளைவில், பனிக்குள்ளிருந்து ஒரு பஸ் மூக்கை நீட்டியது. ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி. பஸ் நின்று, பொறுமையாக ஒரு தடவை ஹாரன் அடித்தது. கார்தான் பின்னால் போக வேண்டும். இருபதடி மேலே ரோடு கொஞ்சம் அகலமாக இருந்தது.

அவள் கண்ணாடியில் பார்த்தாள். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.  "எனக்கு அந்தப் பக்கம் தெரியலீங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. இருபத்தோரு வருஷத்தில் பிரசவ அறைகளிலும் சாவு வீடுகளிலும் உடையாத குரல்.

ஆசிர் கதவைத் திறந்தான். கீழே ஈரப் புல் ஒரு முழத்துக்கு இருந்தது. அதற்கு அப்பால் எதுவும் இல்லை. காரைப் பிடித்துக்கொண்டே இடது காலை வைத்தான், பிறகு வலது காலை. கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் அந்த அகலமான இடம் வரை நடந்து, பள்ளத்தின் ஓரமாக நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவ்வளவு கிட்டே நின்று கீழே பார்த்தான். பனி குழம்பு போலக் கொதித்துக்கொண்டிருந்தது. நடுவில் சில்வர் ஓக் மரத்து உச்சி ஒன்று காலுக்குக் கீழே தெரிந்தது.

"வா குமாரி!" என்று கத்தினான். "நேரா வா... இன்னும் ஒரு முழம் இருக்குது... வா, வா... கொஞ்சம் மலைப்பக்கம் ஒடி... அப்படித்தான்! வா!"

கார் முனகியபடி ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்தது. ஒரு முறை நின்றுபோய், சறுக்கி, மறுபடி கிளம்பியது. அவன் நின்ற இடத்திலிருந்து நகராமல் கையைக் காட்டிக்கொண்டே இருந்தான். அகலமான இடத்துக்கு வந்ததும் பின்கண்ணாடியில் படபடவென்று தட்டினான். பஸ் உரசாமல் கடந்தது. டிரைவர் கையைத் தூக்கினார். ஜன்னலோரத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண், ஸ்டியரிங்கில் இருந்த தேவகுமாரியைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பஸ்ஸின் சத்தம் மேலே போய் அடங்கியது. தேவகுமாரி கண்ணாடியை இறக்கினாள். அவளுடைய முகம் முழுக்க வேர்த்திருந்தது.

"ஏறுங்க" என்றாள்.

ஆசிர் ரோட்டைப் பார்த்தான். பனி இன்னும் அடர்ந்துவிட்டது. காருக்கு முன்னால் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஓரத்து வெள்ளைக் கோடும் இல்லை.

"கொஞ்ச தூரம் நான் முன்னாடி நடக்கறேன். நீ என்னயப் பாத்துட்டே வா."

"எவ்ளோ தூரங்க?"

"பாக்கலாம்" என்றான்.

அவன் காருக்கு முன்னால் போய், பள்ளத்தின் ஓரத்தைப் பிடித்து நடக்க ஆரம்பித்தான். முதல் கியரில் கார் நகர்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. விளக்கு வெளிச்சம் பட்டு அவனுடைய நிழல் பனியின் மேல் மரத்தின் உயரத்துக்கு எழுந்து, அவன் கையசைத்தபோது தானும் அசைத்து, பள்ளத்தின் மேலாகவே நடந்துபோனது.